நொக்வேசி வேலையை நிறுத்திய ஐந்து வாரம்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவில் முதலில் கேட்பது நொக்வேசியின் விசில்தான். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஒரு ஊது ஊதினால் தெம்பேனி மேடு முழுக்கக் கதவுகள் திறக்கும். ஆட்கள் தூக்கக் கலக்கத்தோடு கறுப்புப் பைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். எங்கள் மேட்டில் குப்பை லாரி நின்று நின்று போகாது. சரிவில் நின்றால் மறுபடி ஏறாது என்று டிரைவர் பயப்படுவார். அதனால் லாரி ஊர்ந்துகொண்டே இருக்கும், பின்னால் ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டே பையை எடுத்து எறிய வேண்டும். அப்படி ஓடுகிறவர்கள் ஏழு பேர். ஆறு பேர் ஆண்கள்.

நான் அவளுக்கு எதிர் வீடு. பெயர் நொம்புலெலோ. ஆனால் குலப்பெயரைச் சொல்லி மாகாபா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து அமக்வின்யா பொரித்து விற்கிறேன். மாவு உருண்டைதான், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் மினிபஸ் டிரைவர்களுக்கும் அதுதான் காலைச் சாப்பாடு. சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி ஆறு வருஷம் நொக்வேசி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது அந்த மாசி வெயிலில்தான் புரிந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. ஒல்லியான உடம்பு, தோள் மட்டும் கல். புருஷன் சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி யார் கேட்டாலும், "நல்லா இருக்கட்டும், எனக்கு ஒரு ஆள் துணி துவைக்கிற வேலை மிச்சம்" என்பாள். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பையைக் கையில் தூக்கினாலே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் மறுபடி குடி ஆரம்பித்திருக்கிறது, எந்த வீட்டில் ஒரு வாரமாக அடுப்பே எரியவில்லை, எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை.

அந்த வருஷம் இரண்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விசில் கேட்கவில்லை. பைகள் வாசலில் கிடந்தன. நாய்கள் மோந்து பார்த்தன. பத்து மணிக்கு நொக்வேசி குப்பை லாரி டிப்போவிலிருந்து நடந்தே வந்தாள். அவளைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

"ஸ்ட்ரைக்" என்றாள். "பையை உள்ள எடுத்து வச்சுக்கோங்க. இன்னைக்கு வராது, நாளைக்கும் வராது."

"எப்பதான் வரும்?" என்று கேட்டார் வெலிலே. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் தேதி வேண்டும் அவருக்கு.

"எங்களைப் பணியில நிரந்தரம் பண்ணும்போது வரும் ஐயா. ஆறு வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு தடவை புது ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்குறாங்க. நான் இன்னும் புது ஆளுதானாம். கையுறை வருஷத்துக்கு ஒரு ஜோடி, அது ரெண்டு மாசத்துல கிழிஞ்சுடுது. பூட்ஸ் நாங்களே வாங்கிக்கணுமாம்."

"நியாயம்தான்" என்றார் வெலிலே. எல்லாரும் தலையாட்டினோம். முதல் வாரம் தலையாட்டுவது சுலபம்.

இரண்டாம் வாரம் வெயில் ஏறியது. மீன் தலை, கோழிக் குடல், பிள்ளைகளின் டயாபர் எல்லாம் பைக்குள்ளேயே வெந்தன. நாய்கள் கிழித்துப் போட்டதைக் காற்று தெரு முழுக்க இழுத்தது. பாலர் பள்ளிக்குப் பக்கத்துக் காலி மனையில் யாரோ முதல் பையைப் போட்டார்கள். மூன்று நாளில் அது ஒரு குன்று ஆனது. அதற்கு ஒருவர் தீ வைக்க, புகையில் பிள்ளைகள் இருமி, பள்ளியை மூடிவிட்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை எங்கே விடுவதென்று தெரியாமல் வேலைக்கு லீவு போட்டார்கள். பூனை அளவுக்கு எலி வந்ததாக வெலிலே சொன்னார். பாதியளவு இருக்கும்.

எனக்கு ஈ. மாவைப் பிசைந்தால் மாவில் ஈ, பொரித்து வைத்தால் தட்டில் ஈ. மினிபஸ் டிரைவர் ஒருவன் வண்டியை நிறுத்தாமலே, "மாகாபா, இன்னைக்குத் திராட்சை போட்டுப் பொரிச்சிருக்கீங்களா?" என்று கத்திவிட்டுப் போனான். வண்டிக்குள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

கோபம் யார் மேல் வரும்? நகராட்சி அலுவலகம் தூரத்தில் இருக்கிறது. நொக்வேசி எதிர் வீட்டில் இருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவள் வாசலில் பதினொரு பைகள் கிடந்தன. கதவைத் திறக்க முடியாதபடி சாத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. மறைக்க விரும்பவில்லை, நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் ஜன்னல் வழியாக இறங்கி வந்து பைகளைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒவ்வொரு பையாகக் கையில் தூக்கிப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள், இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். நேரே வெலிலே வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"ஐயா, உங்க பை தவறி என் வீட்டுக்கு வந்துடுச்சு."

"என்னுதா? என்னுதுன்னு யார் சொன்னா?"

"ரெட்டை முடிச்சுப் போட்டு மேல கம்பியும் கட்டுறது இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்தர்தான். ரயில்ல அனுப்புற மாதிரி கட்டியிருக்கீங்க."

இப்படி ஒவ்வொரு வீடாக. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, பதினொரு பையும் பதினொரு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றுகூட வீடு மாறவில்லை. கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். எண்ணெய்க் கசடு ஊறிய பையை என் காலடியில் மெதுவாக இறக்கினாள்.

எனக்கு வெட்கம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்கம் வந்தால் வாய் நீளும். "ஸ்ட்ரைக்குன்னு சொல்லிட்டுக் குப்பையைத் தூக்கிட்டு அலையிறே?" என்றேன்.

"எடுத்துட்டுப் போறதுக்குத்தான் ஸ்ட்ரைக் அக்கா. வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கறதுக்கு இல்லை."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் திரும்பிப் போகும்போது முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் வாசலில் யாரும் எதுவும் வைக்கவில்லை.

மூன்றாம் வாரம் குப்பை அள்ள வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவரின் லாரியை நகராட்சி வரவழைத்தது. ஓடத் தெரிந்த இளைஞர்கள் வேண்டும், தினக்கூலி, அன்றே வேலை என்றார்கள். என் மகன் ஸிபெனாதிக்கு இருபத்து நாலு வயது. படிப்பு முடித்து ஐந்து வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தான். அவன் கிளம்பியபோது நான் தடுக்கவில்லை. கூடுதலாக நாலு அமக்வின்யா கட்டிக் கொடுத்தேன்.

நொக்வேசி தெருவுக்குக் குறுக்கே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"தம்பி, வேண்டாம்."

"அக்கா, உனக்கு வேலை இருந்துச்சு. நீ நிறுத்திட்டே. எனக்கு எப்பவுமே இல்லை. நான் எதை நிறுத்தறது?"

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். "கையுறை குடுத்தாங்களா?"

"நாளைக்குத் தருவாங்களாம்."

"அப்போ பையை அடியில பிடிக்காதே. முடிச்சுல மட்டும் பிடி. உடம்போட சேத்து அணைக்காதே. கேட்டியா?"

என் கண்ணெதிரே, தன் போராட்டத்தை உடைக்கப் போகிறவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அன்று அது உறைக்கவில்லை. 'பொறாமை, வேலை போய்விடும் என்று பயம்' என்றுதான் நினைத்தேன்.

அவன் இரண்டாம் நாள் மதியமே திரும்பி வந்தான். வலது கையை இடது கையால் பிடித்திருந்தான். ஏதோ ஒரு பைக்குள் ஊசி இருந்திருக்கிறது, யாரோ மருந்து போட்டுக்கொண்டு எறிந்த ஊசி. உள்ளங்கையில் ஏறிவிட்டது. மேஸ்திரி ஒரு துணியைக் கொடுத்து, 'கட்டிக்கோ, ஓடு' என்று சொல்லியிருக்கிறான்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு ஊசி என்றால் எச்.ஐ.வி. பயம்தான் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். நான் அவன் உள்ளங்கையைப் பிடித்து ரத்தத்தைப் பிதுக்கப் போனேன்.

"பிதுக்காதீங்க!" நொக்வேசி தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். அவனை இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்தினாள். சோப்புப் போட்டு, தண்ணீரை ஓடவிட்டு, நேரம் போவதே தெரியாமல் கழுவினாள். "எப்போ குத்துச்சு? பதினோரு மணிக்கா? சரி. மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா போதும். நாம இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். மாகாபா, செருப்பைப் போடுங்க."

கிளினிக்கில் நர்ஸ் கேட்டாள், எந்த நிறுவனம் என்று. நொக்வேசி ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டாள். அப்படி ஒரு பெயர் தங்கள் பட்டியலிலேயே இல்லை என்றான் எதிர்முனையில் இருந்தவன். ஒன்றரை நாள் ஓடிய என் மகன் அந்த லாரிக்குப் பின்னால் ஓடவே இல்லையாம்.

"பட்டியல் கிடக்கட்டும்" என்று நர்ஸிடம் சொன்னாள் நொக்வேசி. "கை இருக்கு, ஓட்டை இருக்கு. மாத்திரையைக் குடுங்க."

இருபத்தெட்டு நாள் மாத்திரை. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொல்வதற்கு முன்பே இவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, காலையில் குமட்டும், காய்ந்த ரொட்டி கடி, ஒரு நாள்கூட விடாதே.

வெளியே வந்ததும் கேட்டேன், "உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் குத்துச்சு அக்கா. தொடையில. இருபத்தெட்டு நாளும் வேலைக்கு வந்தேன். லீவு போட்டா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க. லாரிக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்துட்டு ஓடுவேன். ஒண்ணும் ஆகலை, மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்ல தெரிஞ்சுது."

"எந்தத் தெருவுல குத்துச்சு?"

"அதை விடுங்க" என்றாள்.

எங்கள் தெருவாகத்தான் இருக்க வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை. அந்த இருபத்தெட்டு நாளில் நாலு செவ்வாய்க்கிழமை வந்திருக்கும். நாலு முறையும் விசில் அடித்திருப்பாள், நானும் பையை இழுத்து வெளியே வைத்திருப்பேன்.

மறுநாள் காலை ஈயைப் பொருட்படுத்தாமல் சட்டியை ஏற்றினேன். ஒரு பெரிய பேசினில் அமக்வின்யாவை நிரப்பி, துணி போட்டு மூடி, தலையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்கு நடந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். "யாருக்கு இது?" என்று கேட்டான் ஒருவன். "ஸ்ட்ரைக் பண்றவங்களுக்கு மட்டும்தான். பண்ணாதவன் கைநீட்டினா கரண்டியால அடிப்பேன்" என்றேன். என் மகனும் கூட வந்திருந்தான். கையில் கட்டோடு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தான். ஒருவரும் அவனை எதுவும் கேட்கவில்லை; நொக்வேசி முன்பே சொல்லி வைத்திருக்கிறாள்.

தெருவில் நான் நடந்ததைச் சொன்னேன். வீடு வீடாகப் போய், அவள் பை கொண்டுபோன அதே வழியில் போய்ச் சொன்னேன். வெலிலே சாயங்காலம் ஒரு அட்டையில் தடித்த எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார்: 'கண்ணாடியையும் ஊசியையும் தனியாகக் கட்டு. அவர்களுக்கும் கை இருக்கிறது.' அதை மின்கம்பத்தில் கட்டினோம்.

நாலாம் வாரம் தொழிலாளர்கள் நகராட்சி அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். எங்கள் மேட்டிலிருந்து நாற்பது வீட்டுக்காரர்கள் கூடப் போனோம். டை கட்டிய அதிகாரி ஒருவர் படியில் நின்று, "உங்களால குடியிருக்கிறவங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்க தெரியுமா?" என்று நொக்வேசியைப் பார்த்துக் கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முன்னால் போய்விட்டேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சட்டிக்கு முன்னால் கத்திப் பழக்கம்.

"ஐயா, அந்தக் குடியிருக்கிறவ நான்தான். கஷ்டத்தை என்கிட்ட கேளுங்க. நாறுது, உண்மைதான். ஈ மொய்க்குது, உண்மைதான். ஆனா என் பேரைச் சொல்லி இவளைத் திட்டாதீங்க. இவளுக்குக் கையுறை குடுங்க, நான் என் வாசலை அப்புறம் கழுவிக்கிறேன்."

பின்னால் எழுந்த சத்தத்தில் அதிகாரி சொன்னது எதுவும் கேட்கவில்லை. நொக்வேசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நினைத்துக்கொண்டே நான் இன்னும் இருபது வருஷம் சட்டி ஏற்றுவேன்.

ஐந்தாம் வாரக் கடைசியில் பேச்சுவார்த்தை முடிந்தது. ஐந்து வருஷம் தாண்டியவர்களுக்கு நிரந்தர வேலை. மற்றவர்களுக்கு அடுத்த ஆண்டு என்று எழுத்தில் கொடுத்தார்கள். அதை முழுசாக நம்பாதவர்கள் முணுமுணுத்தார்கள், நொக்வேசியும் முணுமுணுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி தடித்த கையுறை, பூட்ஸ், அடிபட்டால் சம்பளத்தோடு லீவு. காலி மனைக் குன்றை அள்ளி முடிக்க ஒன்பது நாள் ஆனது. பாலர் பள்ளி திறந்தது. ஸிபெனாதிக்கு மூன்று மாதம் கழித்து வந்த டெஸ்ட் சுத்தமாக இருந்தது. அவனுக்கு இன்னும் நிலையான வேலை கிடைக்கவில்லை, மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறான்.

அவர்கள் கொடுத்த பூட்ஸ் எல்லாம் ஆண்கள் அளவு. நொக்வேசிக்குக் கால் உள்ளே மிதந்தது. செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொண்டு மேட்டில் ஓடினாள், எப்போதும்போல ஆறு ஆண்களுக்கும் முன்னால். அன்று மத்தியானம் ஒரு தாளோடு என் வாசலுக்கு வந்தாள்.

"மாகாபா, எழுத்துப் பிழை இருக்கான்னு பாருங்க."

டிப்போ மேலாளருக்குக் கடிதம். பெண்கள் அளவில் ஐந்தாம் எண் பூட்ஸ் ஒரு ஜோடி உடனே வேண்டும் என்று நாலே வரி. கீழே பெயர், அதன் கீழே 'நிரந்தரப் பணியாளர்' என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

"பிழை எதுவும் இல்லை" என்றேன். "இன்னொரு கோடு வேணும்னா போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள்.