அல்தேமார் மாஸ்டரின் புது வயரிங்

அல்தேமார் புரித்திக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். ஜீப் திருவிழா அன்று நகராட்சி மாடத்து ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும். வருஷா வருஷம் பெயர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. பெயின்ட் அடித்தவர் பெயர், சீட் தைத்தவர் பெயர், ஒரு வருஷம் பானெட்டில் பிளாஸ்டிக் பூ கட்டியவர் பெயர்கூட. வயரிங் செய்தவர் பெயரை மட்டும் யாரும் சொன்னதில்லை. வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடக்கிறது. கண்ணில் படாத வேலைக்குக் கைதட்டும் வழக்கம் எங்கள் மலையூர் அகுவாலிந்தாவில் இல்லை.

கண்ணில் படாமல் இருந்தது அவருடைய நல்ல காலம் என்றும் சொல்லலாம். மலைத்தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டையும் வாழைத்தாரும் ஆட்களும் இறங்கிவருவது அந்தக் கிழட்டு ஜீப்புகளில்தான். அத்தனைக்கும் வயரிங் அவர் கைதான். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பழைய வயரைத் தேட மாட்டார். அதன் மேலேயே புதிதாக ஒன்றைப் போட்டு, டேப் சுற்றி, பெட்டியை மூடிவிடுவார். “பழசு தூங்குது, எழுப்பக் கூடாது” என்பார். இப்படியே போய், சில ஜீப்புகளின் டேஷ்போர்டுக்குள் கோழியை விழுங்கிய மலைப்பாம்பு கணக்காக ஒரு கட்டு படுத்திருந்தது.

இதில் முதலிடம் ரோஸ்மீரா சிஃபுவெந்தெஸின் ஜீப்புக்கு. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் விளக்கு எரியாது, ஹாரன் அடிக்கும். பிரேக்கில் கால் வைத்தால் பின்விளக்கு எரியாது, டேஷ்போர்டின் மேலிருக்கும் கார்மேன் மாதா சிலைக்குப் பக்கத்துக் குட்டி பல்பு எரியும். வெளியூர்க்காரன் இதைக் கோளாறு என்பான். எங்களுக்கு இதுதான் சாலை விதி. ஹாரன் கேட்டால் ஜீப் இடப்பக்கம் திரும்புகிறது, ஒதுங்கு. மாதா ஒளிர்ந்தால் சிலுவை போட்டுக்கொள், கம்பியைப் பிடி. இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் இண்டிகேட்டர் விளக்கைப் பார்த்துத் தெருவைக் கடந்து சாகக் கிடந்தேன். இப்போது கனவில் ஹாரன் கேட்டாலும் கட்டிலில் வலப்பக்கம் புரண்டு படுக்கிறேன்.

விழாக்குழுத் தலைவரான எவேலியோ பாதிரியார் அந்த வருஷம் ஒரு புதுமை செய்தார். நடுவர்கள் டேஷ்போர்டைக் கழற்றி உள்ளேயும் பார்ப்பார்கள், நல்ல வயரிங்குக்குப் பரிசு என்று பிரசங்க முடிவில் அறிவித்தார். அல்தேமார் அன்று நற்கருணை அப்பம் வாங்காமலே கோயிலை விட்டு வெளியே வந்தார். நேராக ரோஸ்மீரா வீடு.

“என்ன மாஸ்டர், வாசல் வரைக்கும்? இந்த வாரம் எது மேல எதைச் சுத்தப் போறீங்க?”

“சுத்துறது இல்லம்மா. மொத்தத்தையும் உருவிட்டு புது வயரிங் செட் போடப் போறேன்.”

“உடம்புக்கு முடியலையா? உங்களுக்கா, ஜீப்புக்கா?”

“காசு வேணாம். திருவிழாவுல ஓட்டிட்டு வந்து நிறுத்து, போதும்.”

“காசு வேணாங்கறதக் கேட்டாத்தான் இன்னும் பயமா இருக்கு.”

ஆனாலும் சாவியைக் கொடுத்தாள்.

அவர் தன் ஆயுளிலேயே முதல்முறையாக ஒரு வயரிங்கை முழுதாக வெளியே எடுத்தார். முற்றத்தில் நீட்டிப் போட்டபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தான் போட்டதை அவரே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். எது எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியவில்லை. அதை எறியப் போனவரை அவர் மனைவி மார்லேனி தடுத்தாள்.

“இத்தனை வருஷத்துல நீங்க வீட்டுக்குள்ள கொண்டுவந்ததுலயே கெட்டியான சாமான் இதுதான்” என்று சொல்லி, கொய்யா மரத்துக்கும் கழிவறைச் சுவருக்கும் நடுவே இழுத்துக் கட்டித் துணி காயப்போட்டாள்.

புது செட்டை அவர் நகை செய்வதுபோலச் செய்தார். விளக்குக்கு ஒரு நிறம், ஹாரனுக்கு ஒரு நிறம், துணிநாடா சுற்று, முழ இடைவெளிக்கு ஒரு முடிச்சு. யார் கையாவது பட்டுவிடும் என்று திருவிழாக் காலை வரை ஜீப்பைப் பட்டறைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். அன்றுதான் ரோஸ்மீரா ஏறி உட்கார்ந்து இண்டிகேட்டரைத் தட்டினாள். விளக்கு சிமிட்டியது. சத்தமே இல்லை.

“எழவு வீடு மாதிரி இருக்கு மாஸ்டர்.”

“வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“மாதா ஏன் அணைய மாட்டேங்குறாங்க?”

“மாதா எதுக்கும்மா அணையணும்? இத்தனை நாள் உன் பிரேக்குக்கு அவங்க கூலி வேலை பாத்தாங்க. இனிமே நிம்மதியா எரியட்டும்.”

“விளக்கச் சிமிட்டினா இந்த ஊர்ல எவன் பாப்பான்?”

“கண்ணு இருக்கிறவன் பாப்பான். நீ ஓட்டு.”

வழக்கம்போல ஒரு வீட்டையே ஜீப்பின் மேல் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். கட்டில், மெத்தை, தையல் மெஷின், நாலு வாழைத்தார், கூடையில் ஒரு சேவல். சுமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது ரோஸ்மீராவின் தம்பி. அவன் கண் எப்போதும் மாதாவின் மேல்தான்.

ரோஸ்மீராவின் ஜீப்பை முன்னால் விட்டு, ஊர்வலம் சதுக்கத்துக்குள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்துக்கு நேரே மாடம், மாடத்தடியில் நடுவர்களின் மேசை, நடுவே தெருவை அடைத்துக்கொண்டு ஊர். அல்தேமார் இஸ்திரி போட்ட சட்டையில் மேசையருகே நின்றார். மாடத்தில் மைக்கோடு பாதிரியார்.

ரோஸ்மீரா இண்டிகேட்டரைப் போட்டாள். விளக்கு அழகாகச் சிமிட்டியது. யாரும் நகரவில்லை. ஹாரன் கேட்கவில்லையே, ஆக ஜீப் இன்னும் திரும்பவில்லை என்று எல்லோரும் சோள ரொட்டியான அரேப்பாவைக் கடித்தபடி நின்றார்கள்.

அவள் திருப்பிவிட்டாள். எதிரே ஊரே நிற்பதைப் பார்த்துப் பிரேக்கை ஒரே மிதி மிதித்தாள். மாதா காலையிலிருந்து எரிந்தமாதிரியே எரிந்தாள். தம்பிக்கு ஒரு சேதியும் கிடைக்கவில்லை. கயிறு அவன் கையிலிருந்து உருவிக்கொண்டது. வாழைத்தார் முதலில் வந்தது, பின்னால் கட்டில், அதன் பின்னால் மெத்தை. நடுவர்கள் மூவரும் மேசைக்கடியில் பாய்ந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தை மேசையை மூடிக்கொண்டது. சேவல் அதன்மேல் ஏறி நின்று கூவியது.

அடுத்த நொடி மாடத்திலிருந்து, தேவாலயமணியைவிட ஓங்கி, பாதிரியாரின் குரல் வந்தது.

“அல்தேமார் புரித்திக்கா லோந்தோனியோ!”

விளக்குக் கம்பத்து ஒலிபெருக்கிகள் எல்லாம் அதைச் சொல்லின. எதிர்மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

அந்த வருஷமும் வயரிங்குக்குப் பரிசு இல்லை. நடுவர்கள் டேஷ்போர்டு பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை ரோஸ்மீரா முற்றத்தில் வந்து நின்றாள்.

“எடுத்ததை எடுத்தமாதிரி மாட்டிக் கொடுங்க மாஸ்டர். ரெண்டு நாளா என் ஜீப்புல ஒரு ஆள் ஏற மாட்டேங்குறான். மாதா சொன்னாத்தான் கம்பியப் புடிப்போங்குறாங்க.”

“மாட்டிடலாம்.”

“எந்த வயர் எங்க போகும்னு தெரியுமா?”

“திருப்பினா ஹாரன் அடிக்கிற வரைக்கும் மாத்தி மாத்திப் போட்டுப் பாப்பேன். முதல் தடவையும் அப்படித்தான் போட்டேன்.”

மார்லேனி ஈரப் போர்வையை உதறினாள். “துணி காயாம கொடியில யாரும் கை வைக்கக் கூடாது.”

ஆக, காயும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அல்தேமார் கொடிக்கடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போர்வையிலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டியது. முகத்தில் என்னவோ ஒரு திருப்தி.

“கேட்டியாம்மா?” என்றார் ரோஸ்மீராவிடம். “அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டு குடும்பப் பேரையும் சேத்துச் சொன்னாரு. பெயின்டருக்குக்கூட ஒண்ணுதான் சொன்னாங்க.”

“எங்கம்மாவும் திட்டும்போது ரெண்டையும் சேத்துத்தான் கூப்பிடுவாங்க, மாஸ்டர்.”

அவர் தோளைத் துடைத்துக்கொண்டார்.

“உங்கம்மாகிட்ட மைக் இல்லையே.”