பதினான்கு அடி நடக்கும் பேய்

1966ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு ஐம்பது. நான்கு மணிக்குப் பிடித்த கோடைமழை இருபது நிமிடத்தில் விட்டிருந்தது. காற்று இல்லை, புழுக்கம். மேகமலைப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது, இடி கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் இரண்டு பெரியவர்களோடு நான் பேய் பிடிக்கப் புறப்பட்டேன். எனக்குப் பதினோரு வயது முடிந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பேய் இருந்தது ஊருக்கு மேற்கே, கரட்டுக் குன்றின் மேல், பழைய பட்டாளக் கோட்டையில். பாளையக்காரர் கட்டி, கும்பினிப் பட்டாளம் பிடித்து, அதுவும் விட்டுப்போன கோட்டை. அங்கே காய்ச்சலில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் தேய்பிறை இரவுகளில் மதில் மேல் காவல் பாரா நடக்கிறான் என்பது ஊர்ப் பேச்சு. பகலில் பெண்கள் அங்கே புல்லறுக்கப் போவார்கள். பொழுது இறங்கினால் ஆண்கள்கூட அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள்.

நாங்கள் போனது அத்தையின் கல்யாணத்துக்காக. அத்தை அப்பாவின் தங்கை, பத்தொன்பது வயது. அவளுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் பேச்சில் இருந்தார்கள். ஒருவர் தாய்மாமன் மகன், முறை மாப்பிள்ளை. பட்டாளத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். நான் அவரைப் பட்டாளத்து மாமா என்பேன். இன்னொருவர் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர், தூரத்து உறவு. ஒல்லி, மூக்குக்கண்ணாடி, பேச்சு குறைவு. தாத்தாவுக்கு முறை பெரிது, அப்பாவுக்கு மாதச் சம்பளம் பெரிது. எந்த மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்று அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் அப்பா கணக்கரைச் சாப்பிட அழைத்து வந்திருந்தார். எதிர் இலையில் பட்டாளத்து மாமா. எல்லையில் தான் பனியில் நின்றதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ரசம் ஊற்றும்போது கோட்டைக்கு வந்துவிட்டார். ஒரு ராத்திரி முழுக்க அங்கே படுத்து எழுந்து வருவேன் என்றார். பிறகு கணக்கரைப் பார்த்தார்.

"ஏலக்காய எடைபோடுற ஆளுகளுக்குச் சொல்லல. அவுக பகல்லயே அங்கன வரமாட்டாக."

கணக்கர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, அப்படியானால் தானும் கூட வருவதாகச் சொன்னார். தாத்தா இலையை மடித்தார். விடியும்வரை எவர் இருக்கிறாரோ அவருக்குத்தான் பெண் என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். சாட்சிக்கு யார் போவது என்ற கேள்வி வந்தபோது பெரியவர்கள் எல்லாருக்கும் மறுநாள் வேலை இருந்தது. அத்தைதான் என்னைக் காட்டினாள்.

"இவன அனுப்புங்க. ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சாக்கூட வானத்துல வெள்ளிய எண்ணிட்டுத்தான் வந்து படுப்பான். இவனுக்குப் பொய் சொல்ல வராது."

அம்மா அழுதாள். நான் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டேன். அதுவரை என் எண்ணும் பழக்கத்துக்கு வீட்டில் கிடைத்ததெல்லாம் குட்டுதான். கிளம்பும்போது அத்தை என் காதோடு சொன்னாள்: "எது கேட்டாலும் எழுது. பயந்து கண்ண மூடிறாதடா. நீ சொல்றதத்தான் ஒந் தாத்தா நம்புவாக."

வண்டிப்பாதையில் ஒன்றரை மைல். கோட்டை வாசலை ஒட்டிய காவல் அறையில் கூரை மிச்சம் இருந்தது. அங்கே அரிக்கேன் விளக்கை வைத்து உட்கார்ந்தோம். பட்டாளத்து மாமா, இருட்டில் எண்கள் ஒளிரும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். நேரம் குறிப்பது நீதான் மாப்ளே என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. சுவரில் துப்பாக்கி நீட்டும் துளைகளை எண்ணினேன், இருபத்து மூன்று. கணக்கர் மெதுவாக, ஒன்றைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்தால் இருபத்து நான்கு என்றார். தடவிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பட்டாளத்து மாமா பதினொன்றரை வரை பேசினார். பிறகு தூங்கினார்.

ஒரு மணி இருபத்தோரு நிமிடத்துக்குச் சத்தம் வந்தது. எங்கள் தலைக்கு மேலே மதிலில், டக், டக் என்று காலடி. பதினான்கு அடி. நின்றது. திரும்பியது. மறுபடி பதினான்கு. மாமா விழித்துக்கொண்டு, "யாருலே அது?" என்றார். காலடி நிற்கவில்லை. பாரா நடை, அதே திரும்பல் என்று அவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. முப்பத்தொன்பதாவது நடையில் மதிலிலிருந்து ஒரு கல் உருண்டு எங்கள் வாசலில் விழுந்தது. மாமா போர்வையையும் டார்ச்சையும் போட்டுவிட்டு ஓடினார். மணி ஒன்று முப்பத்து நான்கு. திசை கிழக்கு. எழுதினேன்.

சத்தம் தோல் பூட்ஸ் சத்தமாக இல்லை, மரச் சத்தமாக இருந்தது. சிப்பாய் போரில் காலை இழந்து மரக்கால் வைத்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன். இரண்டு காலும் ஒன்றுபோல ஒலித்ததால் இரண்டையுமே இழந்தவர் என்று முடிவுசெய்தேன். அதையும் எழுதினேன்.

கணக்கரின் கை என் கையைப் பிடித்திருந்தது. அது ஈரமாக இருந்தது. அவர் மணிக்கட்டில் நாடி துள்ளியதால் அதையும் எண்ணினேன். கால் நிமிடத்துக்கு முப்பத்தொன்று. என்னுடையது இருபத்தேழு.

"எண்ணுறத விட்றாத தம்பி," என்றார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டி மதிலை நோக்கிப் பதினோரு அடி நடந்தார். மேலே பார்த்துச் சொன்னார்: "யாரா இருந்தாலும் சரி. இங்கன சின்னப் பிள்ள இருக்கு. போதும், நிறுத்துங்க."

நின்றது. ஒரு மணி நாற்பத்தொன்பது. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. சொன்ன சொல்லுக்குப் பேய் கட்டுப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அப்பா மூச்சிரைக்க வந்தார், வீட்டுக்குப் போகலாம் என்றார். கணக்கர், இன்னும் விடியவில்லையே என்றார். அப்பா எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஐம்பத்தெட்டுப் பேர். பட்டாளத்து மாமா முந்திக்கொண்டிருந்தார். தனக்குப் பயமே இல்லையாம், பேய் வந்ததும் கணக்கருக்குத்தான் கால் விழுந்துவிட்டதாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம், பிள்ளையைக் காப்பாற்ற ஆள் கூட்டிவரத்தான் இவர் ஓடிவந்தாராம். கூட்டம் தலையாட்டியது. உட்கார்ந்தே இருந்தவன் தைரியசாலியா, எழ முடியாதவனா என்று யாரால் சொல்ல முடியும்? அத்தை நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா நோட்டைப் படிக்கச் சொன்னார். படித்தேன், நிமிடம் நிமிடமாக. ஒன்று முப்பத்து நான்கு, மாமா, கிழக்கு. ஒன்று நாற்பத்தொன்பது, கணக்கர் எழுந்தார், பதினோரு அடி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாடியும் எழுதியிருந்ததே. நிமிடத்துக்கு நூற்று இருபத்து நான்கு என்று அதையும் படித்துவிட்டேன். பட்டாளத்து மாமா சிரித்தார். "கேட்டீகளா? உயிரு போற பயம்."

தாத்தா சிரிக்கவில்லை. "நீ பயப்படலைன்னியே, பெறகு எதுக்குல ஓடுன? இவரு நூத்தி இருபத்தி நாலோட எந்திரிச்சு நடந்திருக்காரு." கணக்கர் பக்கம் திரும்பினார். "உள்ள வாங்க மாப்ள. பலகாரம் ஆறுது."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. நான் ஊரை இரண்டு முறை சுற்றி வந்தேன். பின்னால் இருபத்தாறு பையன்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெல் மூட்டை எண்ணுவதானாலும் பந்திக்கு இலை எண்ணுவதானாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அன்று மதியம் அத்தை எனக்கு மட்டும் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். அவள் நொண்டி நடந்ததால், உட்காரவைத்துக் காலில் தைத்திருந்த முள்ளை ஊக்கால் எடுத்துவிட்டேன். வலது காலில் ஐந்து, இடது காலில் இரண்டு. புல்லறுக்கப் போன இடத்தில் குத்தியது என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் புல்லறுக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு என்று மட்டும் எழுதி வைத்தேன்.

கணக்கர் எனக்கு மாமாவாகி, ஐம்பது வருடம் அத்தையோடு வாழ்ந்து, ஒன்பது வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். அவர் இருந்தவரை கேட்க வாய் வரவில்லை. இந்தத் தை மாதம்தான், எழுபது வயதில், முழங்கால் வலியோடு தேனியிலிருந்து போடிக்குக் கார் பிடித்துப் போய் அத்தையைக் கேட்டேன்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தாத்தாவின் மரப் பாதக்குறட்டைப் போட்டுக்கொண்டு மதில் மேல் நடந்தாளாம். யார் ஓடுகிறார், யார் இருக்கிறார் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்ததாம். கணக்கர் மாமா கீழேயிருந்து நிறுத்தச் சொன்னதும் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முள்ளுக்குள் குறுக்குப் பாதையில் இறங்கிக் கொல்லைப்பக்கமாக வந்தாளாம். டார்ச் இல்லாமல் வழி தப்பிச் சுற்றி, அவளுக்குப் பிறகு இரைக்க இரைக்க ஓடிவந்த பட்டாளத்து மாமாவுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்ததே அவள்தானாம்.

ரெண்டு பேரும் ஓடியிருந்தால் என்றேன்.

"ஒன்னத் தூக்கிட்டு வந்திருப்பேன். மாப்பிள்ள வேற பாத்துக்கிறலாம்."

விளக்கு இல்லாமல், துணை இல்லாமல், நிலா எழும் முன்னே அந்தக் கோட்டைக்குத் தனியாக வந்தீர்களே, பயமாக இல்லையா என்றேன்.

"இல்லாம? எந் நாடிய எவன்டா பிடிச்சுப் பாத்தான்?"

அந்த நோட்டின் முதல் வரியில், கோட்டையில் இருந்தவர்கள் மூன்று பேர் என்று எழுதியிருந்தேன். துளையை, அடியை, நாடியை, முள்ளையெல்லாம் சரியாக எண்ணியவனுக்கு ஆள் கணக்கு தப்பிப்போயிருக்கிறது. நான்கு. அதில் நான்காவது ஆளுக்குத்தான் தைரியம் அதிகம் என்பது அந்தப் பதினோரு வயதுக்குத் தெரியவில்லை.

திருத்தம் செய்ய ஆன செலவு: கார் வாடகை ஆயிரத்து முன்னூறு, காத்திருந்ததற்கு இருநூறு, அத்தைக்குப் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ நூற்றெண்பது, ஓட்டுநருக்கு டீயும் வடையும் நாற்பத்திரண்டு. ஆக மொத்தம் 1,722 ரூபாய்.