கங்கப்பன் சுமந்த கட்டில்

மாமரங்களில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்த சமயத்தில், சாந்தம்மா தன் கிணற்றிலிருந்து கங்கப்பன் தோப்புக்குப் போன குழாயை அறுத்தாள். ஆள் வைக்கவில்லை. ரம்பத்தைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே அறுத்தாள்.

கங்கப்பன் அவள் கணவன் திம்மராயனின் அண்ணன்; அவளுக்குப் பாவா முறை. பாகம் பிரித்தபோது, நல்ல மண்ணையெல்லாம் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தென்பெண்ணைக் கரையில் பாதிக்குமேல் பாறையாகக் கிடந்த துண்டைத் தம்பி தலையில் கட்டியவன். அந்தப் பாறைமேல்தான் இன்று விருந்தினர் தங்கும் ஓட்டு வீடுகள் நிற்கின்றன. சனி, ஞாயிறானால் பெங்களூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். புங்கமரங்கள் பூத்துக் கொட்டும் மாசி, பங்குனியில் இடமே கிடைக்காது. கன்றுக்குட்டிக்குப் புல் கொடுக்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். சாந்தம்மா களியும் கீரை மசியலும் செய்வாள். வருகிறவர்களுக்குப் போனில் வழி சொல்வது மகள் சரிதா. ஆற்றில் கழிவு நுரை மிதந்து வரும் நாட்களில் மட்டும் கரைக்கு இறங்கும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

பாகம் பிரித்த காலத்தில் அந்த இடத்துக்கு ஒரே வழிதான். அது கங்கப்பன் நிலத்தின் ஊடாகப் போனது. கிணறும் தனக்கே வேண்டும் என்று கேட்டுத் தம்பி மறுத்ததும், கங்கப்பன் வழியில் கல் நட்டுக் கம்பி கட்டிக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டான். அதற்கடுத்த வாரம் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த திம்மராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு அந்தப்புறமே நின்றது. சாந்தம்மா ஓடிப்போய்க் கங்கப்பன் காலில் விழுந்தாள்.

"பாவா, சாவியக் குடுங்க. உங்க தம்பி பாவா!"

"கேஸ் போடுறேன்னு சொன்னான்ல. கோர்ட்ல வந்து வாங்கிக்கச் சொல்லு."

பக்கத்து வயல்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் அவனைத் தூக்கி, ஆற்றோர வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். சாலை ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது.

ஊர் ஏசியதால் கருமாதிக்குள் கங்கப்பன் பூட்டை எடுத்துவிட்டான். அதன்பிறகு எத்தனையோ வருடம் சாந்தம்மா அந்த வழியில்தான் நடந்தாள். எதிரில் வந்தால், "சாப்ட்டீங்களா பாவா?" என்று கேட்பாள். எல்லாம் மறந்துவிட்டாள் என்றே அவன் நினைத்தான். அவனுடைய போர்வெல்கள் வற்றியபோது கிணற்றுத் தண்ணீர் கேட்டு வந்தான். எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வழி அவன் கையில் இருக்கும்வரை அவளால் வேறெதுவும் செய்ய முடியாது. போன வருடம் வடக்குப் பக்கத்து நிலத்துக்காரர் விற்றபோது, அதில் வண்டி போகும் அகலத்துக்கு வழியைக் கிரயம் வாங்கித் தார் போட்டாள். பிறகு மாம்பிஞ்சு கோலிக்குண்டு அளவு வரும்வரை பொறுத்திருந்தாள்.

தண்ணீர் நின்றதும் வெயிலில் பிஞ்சுகள் உதிரத் தொடங்கின. கங்கப்பன் தன் மகன் ஹரீஷ்குமாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஹரீஷ் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவன்.

"என்னம்மா இது? தோப்பே காயுதே!"

"தெரியுது பாவா. இங்கருந்தே தெரியுது."

"என்னா வேணும், சொல்லு. அந்தக் கீழ் நிலத்த எழுதித் தரட்டுமா?"

"நெலம் வேணாம். அன்னிக்கு அவரத் தூக்கினாங்கல்ல, அதே கட்டிலு உள்ள கெடக்குது. அவரு எடைக்கு ராகி மூட்டை கட்டி வெச்சிருக்கேன். நீங்களும் உங்க மகனும் அதே வரப்புல ரோடு வரிக்கும் தூக்கிட்டுப் போங்க. குழாய ஒட்டித் தரேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"

"இருக்கட்டும். நீங்க போய்ட்டு வாங்க."

போனான். இன்னும் ஒரு வாரம் பிஞ்சு உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பனும் மகனும் திரும்பி வந்தார்கள்.

வீடுகள் நிறைய விருந்தினர் இருந்த நேரம். ஹரீஷ் முன்னாலும் கங்கப்பன் பின்னாலும் பிடித்துத் தூக்கினார்கள். வரப்பில் கங்கப்பன் கால் வழுக்கியது. சாந்தம்மா பின்னாலேயே நடந்தாள். வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அவர்களுக்குப் புரிந்தது. பெங்களூர்ப் பெண் ஒருத்தி போனில் படம் எடுத்துக்கொண்டே, "ஏனு ஹப்பா ஆன்ட்டி?" என்று கேட்டாள். என்ன பண்டிகை என்கிறாள்.

"நம்ம மனே ஹப்பா," என்றாள் சாந்தம்மா. எங்கள் வீட்டுப் பண்டிகை.

பாதி தூரத்தில் கங்கப்பன் கட்டிலை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினான்.

"அவரும் கேட்டாரு பாவா. குடுக்க நேரமில்ல. எந்திரிங்க."

எழுந்தான். சாலை ஏறும்போது அழுதுகொண்டிருந்தான். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அன்று மதியம் இரண்டு உருண்டைக் களி தின்றாள்.

"மனசு ஆறுச்சாம்மா?" என்று சரிதா கேட்டாள்.

"ஆறல. ஆனா நல்லாருந்துச்சு."

சொன்னபடி குழாயை ஒட்டிக் கொடுத்தாள். தோப்பில் பாதிக் காய் தப்பியது. ஆனால் மோட்டார் சுவிட்ச் இப்போது அவள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. தினமும் காலையில் கங்கப்பன் வேலியோரம் வந்து நின்று, விருந்தினர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, "மோட்டாரு போடும்மா" என்று கேட்க வேண்டும். கேட்டால் போடுவாள். அவன் வராத அன்றைக்குத் தோப்புக்குத் தண்ணீர் கிடையாது.