பாய் கத்தாமல் ஆடிய மாதங்கள்

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது கூடைப்பந்தால்தான். ஓசூர் அப்போது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. பெயருக்கு நான் ஸ்டோர்ஸில் உதவியாளர். காலையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் அணியில் இருந்தவர்கள் எல்லோரும் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தரைக்குப் போய்விடுவோம். மற்றத் தொழிலாளர்கள் எங்களைப் 'பந்து சம்பளக்காரங்க' என்பார்கள். ஜெயித்தால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். தோற்றால் சிரிக்காமல் சொல்வார்கள்.

என் ஊர் இண்டூர். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆடிப் பழகியவன். எனக்கு ஓடத் தெரியும், பந்தைக் கூடையில் போடத் தெரியும், பேச வராது. அணியில் சேர்ந்த முதல் வாரம் என்னை மிரளவைத்தது ஒரு குரல். அது எங்கள் அணியின் மூத்த ஆட்டக்காரருடையது. முப்பதைத் தாண்டியவர், தர்மபுரிக்காரர். அவருடைய அப்பா சந்தை சந்தையாகப் போய்த் துணி விற்றவர். சிறு வயதில் அப்பாவோடு போய் ஆட்களைக் கூவிக் கூப்பிட்டே தொண்டை அப்படி ஆகிவிட்டதாகச் சொல்வார். நாங்கள் அவரைப் பாய் என்றே கூப்பிட்டோம்.

எதிரணி பந்தோடு வரும்போது பாய் எங்கள் கூடைக்குக் கீழே நிற்பார். அங்கிருந்து மொத்தத் தரையும் அவருக்குத் தெரியும். கூடைப்பந்தில் ஒரு தந்திரம் உண்டு. நாம் ஒருவனைத் துரத்திக்கொண்டு பின்வாங்கும்போது எதிரணியின் இன்னொருவன் நம் முதுகுக்குப் பின்னால் தூண் மாதிரி வந்து நிற்பான். நாம் அவன் மேல் மோதி நிற்க, பந்து வைத்திருப்பவன் தாண்டிப் போய்விடுவான். ஸ்கிரீன் என்று பெயர். முதுகில் கண் இல்லாததால் அதை நாம் பார்க்க முடியாது. பாய் பார்த்துச் சொல்வார். எனக்கு "தம்பி, இடது" என்பார். தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த கன்னடக்காரருக்கு "எடக்கே" என்பார். இன்னொருவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். வலது பக்கம் ஆள் வந்தால் அவருக்குக் "குடி" என்பார். தெலுங்கில் குடி என்றால் வலது என்று தெரியாமல், இவர் எதற்கு ஆட்டத்தின் நடுவில் அந்த ஆளைக் குடிக்கச் சொல்கிறார் என்று நான் சில நாள் குழம்பியிருக்கிறேன்.

முதல் இரண்டு வருடங்களில் எங்களைத் தாண்டிப் புள்ளி எடுப்பது கஷ்டம் என்று சேலத்திலும் பெங்களூரிலும் பெயர் வாங்கினோம். எங்கள் கால்கள்தான் அதற்குக் காரணம் என்று நாங்கள் நம்பினோம்.

மூன்றாவது வருடம் பாயின் குரல் கம்மத் தொடங்கியது. முதலில் சளி என்றார். பிறகு பெங்களூரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். தொண்டையில் சின்னக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சில மாதங்களுக்குக் கத்தவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் கோச் பட்டாளத்தில் ஆடிவிட்டு வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு நிம்மதி.

"தொண்டைதானப்பா? முட்டி போயிருந்தாத்தான் கவலை. வாயை மூடிக்கிட்டு ஆடு."

பாயும் தலையாட்டினார். எங்களில் யாருக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அதற்கப்புறம் தோற்கத் தொடங்கினோம். நாங்கள் எடுக்கும் புள்ளிகள் குறையவில்லை. ஆனால் எங்களைவிடச் சுமாரான அணிக்காரர்கள்கூட எங்கள் நடுவில் புகுந்து, கல்யாண வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். கோச் எங்கள் மூச்சு போதவில்லை என்று முடிவு செய்தார். தொழிற்சாலைச் சுற்றுச்சுவரை ஒட்டி ஓடவிட்டார். ஓடினோம். அடுத்த ஆட்டத்திலும் தோற்றோம். தடுக்கும் முறையை மாற்றினார். அதற்கும் பலன் இல்லை. ஒருவரை ஒருவர் குறை சொல்ல ஆரம்பித்தோம். 'நீ ஏன் வரல', 'நீ எங்க போன' என்பதே திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் பேச்சானது. பாய் மட்டும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் குரலும் இல்லை.

சேலத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஸ்கிரீனில் மோதி மோதியே எனக்கு ஐந்து ஃபவுல் ஆகி, விதிப்படி பாதியிலேயே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அதுவரை எங்கள் அணி ஆடுவதை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. ஐந்து பேரும் நன்றாகத்தான் ஓடினார்கள். ஆனால் பாயைத் தவிர ஒவ்வொருவரும் இரண்டு அடிக்கு ஒரு முறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். அந்தத் திருப்பலில் முன்னால் இருப்பவன் போய்விடுவான். எதிரணியின் பேச்சும் ஷூக்களின் கிறீச்சும் கேட்டன. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் இல்லை. பாய் கூடைக்குக் கீழே நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கையைக் கையை ஆட்டினார். அதைப் பார்க்க எங்களில் யாருக்கும் பின்னால் கண் இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. பாயின் கால் மெதுவாகிவிட்டிருந்தது. முன்பெல்லாம் அவர் ஒரு வார்த்தையில் எங்களை அனுப்பி அடைத்த இடத்துக்கு, இப்போது தானே ஓடிப் போய்ச் சேரப் பார்த்தார். சேர முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கத்தினது உங்களுக்காக இல்லை தம்பி," என்றார். காற்றுதான் வந்தது, அதில் வார்த்தை கொஞ்சம். "எனக்கு பயம். எதிர் டீம்ல அத்தனை பேரும் என்னைப் பாத்து ஓடியாருவானுங்க. பயத்துலதான் கத்துவேன்."

"பயமோ என்னமோங்க பாய். அது இல்லாம எங்களுக்குக் கண்ணு தெரியலைங்க."

மறுநாள் அவரே கோச்சிடம் போய், இனி எல்லோரும் பேசி ஆடப் பழக வேண்டும் என்றார். கோச்சுக்கு முதலில் நம்பிக்கை இல்லை, ஆனால் பாயை மறுத்துப் பேசும் வழக்கமும் இல்லை. அன்று முதல் பயிற்சியில் ஒரே விதி. கண்ணில் படுவதை வாயால் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்காக ஆட்டத்தைப் பாய் நிறுத்திவிடுவார். கையைத் தூக்குவார், எல்லோரும் நிற்க வேண்டும், யார் சொல்லவில்லையோ அவன் முன்னால் போய் நின்று அவன் சொல்லும்வரை காத்திருப்பார்.

எங்களுக்கு அது ஓட்டத்தைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் குரல் உயர்த்தாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கோ தொண்டையைத் தாண்டி எதுவும் வராது. ஒரு நாள் பாய் என் முன்னால் வந்து நின்றார். நான் "இடதுங்க" என்றேன்.

அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். "ங்க போட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் போட்டுட்டு அவன் வூட்டுக்கே போயிருவான். இடது. அவ்வளவுதான். மரியாதை எல்லாம் ஆட்டம் முடிஞ்சு வெச்சுக்கலாம்."

அதற்குப் பிறகு எனக்கு வந்தது. என்னைவிட மூத்தவர்களை ஒற்றை வார்த்தையில் அதட்டப் பழகினேன். கன்னடமும் தெலுங்கும் கற்றுக்கொண்டேன், இடது வலது மட்டும்.

அடுத்த ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் கடைசி நிமிடம்வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றோம். பிறகு பெங்களூரில், எங்களை முன்பு துவைத்து அனுப்பிய அணியோடு ஆடினோம். முதல் பாதியில் திணறினோம். இடைவேளையில் பாய் எங்களைச் சுற்றி வந்தார். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு தட்டு தட்டினார். இரண்டாம் பாதியில் எங்கள் பக்கம் சந்தை மாதிரி இரைச்சல். எதிரணிக்காரன் ஒருவன் நடுவரிடம் போய் இவர்கள் என்னதான் கத்துகிறார்கள் என்று கேட்டான். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கு வழி அடைபட்டது. சில புள்ளிகளில் ஜெயித்தோம். ஓசூருக்குத் திரும்பியபோது கேன்டீனில் எங்களுக்கு யாரோ கேசரி சொல்லியிருந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் பாய் கோச்சிடம் பேசும்போது நான் பக்கத்தில் பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். பொம்மிடியிலிருந்து வந்த ஓர் இளைஞன் அணியில் மாற்று ஆளாக இருந்தான். நல்ல உயரம், வேகமான கால்.

"என் எடத்துல அவனை எறக்குங்க சார்," என்றார் பாய்.

"உன்னைய யாரும் போகச் சொல்லலியேப்பா."

"சொல்லமாட்டீங்க. அதான் நானே சொல்றேன். கத்திக்கிட்டு இருந்தவரைக்கும் என் கால் போனது யாருக்கும் தெரியல. எனக்கே தெரியல. இப்ப இவனுங்க எல்லாரும் பேசறாங்க. அவன் நின்னா ஒருத்தனும் உள்ள வரமாட்டான்."

கோச் விசிலைக் கையில் ஒரு முறை உருட்டினார். பிறகு சரி என்றார்.

அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை. சம்பளத்துக்காக ஆடியவர்கள் நாங்கள். முதல் ஐந்து பேரில் இருப்பது என்பது எங்களுக்கு மானம் மாதிரி. அதைப் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பது போலக் கொடுத்தார். குரல் பாதி திரும்பிய பிறகும் அந்த இடத்தை அவர் கேட்கவில்லை.

கோச்சிடம் பேசிய அன்று மாலை பாயும் நானும் பஸ்ஸுக்காக நின்றோம். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"வருத்தமா இல்லைங்களா பாய்?"

"இருக்குது. ஏன் இருக்காது?" என்றார். சட்டைப் பையில் சில்லறையைத் தேடினார். "வூட்டுல இன்னும் சொல்லலை. அவ கோவிச்சுக்குவா. ஏறு, பஸ் கெளம்புது."