அங்கே இன்னும் விடியவில்லை

என் அண்ணன் செத்ததற்கு என் மூச்சுக்காற்றுதான் காரணம் என்று அண்ணி ஒரு வருஷமாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவளாம். ஊசி போட்டவர்கள் மூச்சு விட்டாலே பக்கத்தில் இருப்பவர்களுக்கு நோய் ஒட்டிக்கொள்ளுமாம். இதை அவளுக்குச் சொன்னது டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. பிரான்சில் இருக்கும் அவளுடைய அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ.

சாரம் பகுதியில் எங்களுக்கு அப்பா கட்டிய ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். அண்ணன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ரொம்ப வருஷமாக அவனுக்குச் சர்க்கரை. மாத்திரையை விழுங்கிவிட்டு, அதே கையோடு ஜிலேபியும் தின்பான். கேட்டால் மாத்திரை எதற்கு இருக்கிறது என்பான். அப்படி ஒரு பிறவி.

அண்ணியின் அண்ணனை எங்கள் தெருவே ‘பிரான்சு மச்சான்’ என்றுதான் சொல்லும். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தபோது அவர்கள் தாத்தா அந்தப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. மச்சான் இருபது வயதில் விமானம் ஏறியவர், பாரீசுக்கு வெளியே ஏதோ ஒரு பெரிய கடையில் செக்யூரிட்டி வேலை. பிரான்சில் ஒரு சொந்தக்காரர் இருந்துவிட்டால் எங்கள் ஊரில் அந்த வீட்டுக்குத் தனி அரசாங்கம் வந்த மாதிரி. ஃபிரிட்ஜ் எந்தக் கம்பெனி வாங்குவது, கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது, அண்ணனுக்கு மூட்டு வலித்தால் எந்தத் தைலம் தேய்ப்பது, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். அவரும் தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஊசி வந்தபோது நான் ஒன்றும் அறிவாளியாக ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. ஊசி போடாதவர்கள் கேட்டுக்குள் வரவேண்டாம் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, எழுந்து வேலைக்குப் போனேன். அவ்வளவுதான் என் வீரம்.

தெருவில் அப்போது ஆளாளுக்கு ஒரு மருத்துவம். டீக்கடைக்காரர் கபசுரக் குடிநீர் போதும் என்றார். எதிர்வீட்டம்மா இரண்டு வருஷத்தில் எல்லோரும் விழுந்து சாவோம் என்று நாள் குறித்தாள். ஊசி போட்டால் கொஞ்ச நாளைக்குச் சரக்கைத் தொடக்கூடாதாமே என்ற ஒரே கவலையில் பாதி ஆம்பளைகள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஊசி முகாம்.

அண்ணனை நான் விடவில்லை. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, வந்தால் தாங்கமாட்டாய் என்று தினம் மாடிப்படியில் நின்று கத்தினேன். கடைசியில் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். வரிசையில் அவன் நின்றான், துணைக்கு வந்த நான் பின்னால். இன்னும் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். அப்போது போனை எடுத்து மச்சானுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

இப்ப எதுக்கு அவரு, முதல்ல போட்டுக்க என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வரிசையை விட்டு விலகினான்.

“அங்க இன்னும் விடியல. மச்சான் எழுந்ததும் ஒரு வார்த்த கேட்டுட்டு நாளைக்கி வந்து போட்டுக்கறேன். ஊசி எங்க ஓடிடப் போவுது?”

அன்று மதியம் மச்சானுக்கு விடிந்தது. அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஊசியே வேண்டாம், உள்ளே எதை விடுகிறான் என்று யாருக்குத் தெரியும், பிரான்சிலேயே ஜனங்கள் தெருவில் இறங்கி வேண்டாம் என்கிறார்கள் என்று அந்தக் குரல் நிறுத்தாமல் பேசியது. நான் குறுக்கே பேசினேன். கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்டு நீ குத்திக்கொண்டாய், என் புருஷனையும் இழுக்காதே என்று அண்ணி என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாளைக்கு அப்புறம் நான் கீழ்வீட்டுப் படியை மிதிக்கவில்லை, அவர்களும் மாடிக்கு வரவில்லை. வெளிப்படி வழியாக வேலைக்குப் போவேன், வருவேன்.

அடுத்த அலையில் அண்ணன் படுத்தான். காய்ச்சல், அப்புறம் இருமல், அப்புறம் மூச்சு. ஆஸ்பத்திரியில் பெட் கிடைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது, மீதி அங்கே போனது. முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. ஒரு மூட்டையைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

கீழ்வீட்டுக்குள் நுழையாதவள் மூச்சு எப்படி அங்கே நுழைந்தது என்று ஒருத்தியாவது அண்ணியைக் கேட்டாளா? கேட்கவில்லை. நான் நடந்த படியில் அவள் பினாயில் ஊற்றிக் கழுவினாள். தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நானும் சும்மா இருக்கவில்லை. உங்க அண்ணன்தான் எங்க அண்ணனைக் கொன்னான் என்று மாடியிலிருந்து தெரு கேட்கக் கத்தினேன். தாலியறுத்தவளிடம் அப்படியா பேசுவது என்றார்கள். அப்படித்தான் பேசினேன். அவள் தன் வாயால் ‘உன்னால இல்ல’ என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு அது போதும். அதற்குத்தான் அந்த வருஷம் முழுக்கச் சண்டை போட்டேன்.

வருஷ திதிக்குப் பிரான்சு மச்சான் வந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. என் அண்ணனுக்குப் படைக்க எனக்கு யார் கூப்பிட வேண்டும்? அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். அண்ணி வாசலிலேயே கையை நீட்டி மறித்தாள்.

“அங்கியே நில்லு. ஊசி போட்டவ படையல் கிட்ட வராத.”

நிலைப்படியில் நின்றேன். உள்ளே அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் கொண்டுவந்த பிரான்சு சரக்குப் பாட்டிலை இலைக்குப் பக்கத்தில் வைத்து நேராக்கிக்கொண்டிருந்தார். அரியாங்குப்பத்திலிருந்து வந்த சித்தப்பா பேச்சுக்கு, இந்தக் காலத்தில் பிளேன் ஏற ரொம்பக் கெடுபிடியாமே என்றார். மச்சான் கையை வீசினார். தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றார். தான்தான் ஆரம்பத்திலேயே ஊசி போட்டுக்கொண்டாயிற்றே என்றார்.

மீன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மாப்பிள்ளை போன் பண்ணினாரே, அதற்கெல்லாம் முன்னாடியே என்றார். வயதானவர்களுக்கு முதலில் கொடுத்தார்களாம், இவரும் அந்த வயதுக் கணக்கில் வந்ததால் போய்ப் போட்டுக்கொண்டாராம்.

“அப்ப ஏன் எங்கண்ணங்கிட்ட சொல்லல?”

“மாப்ள போடலாமான்னுதான் கேட்டாரு. நீங்க போட்டீங்களான்னு கேக்கலியேம்மா. அங்க போடறது வேற, இங்க போடறது வேற. ரெண்டும் ஒண்ணாயிடுமா?”

சாந்தமாகச் சொன்னார். தான் தப்பாக எதுவும் செய்துவிட்டதாக அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் அவரோடு பேசவில்லை, அண்ணியைப் பார்த்தேன்.

“அண்ணி, உங்க அண்ணனையும் எழுந்து வந்து இங்க என் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க.”

அண்ணி அவரைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஒரு வருஷம் நான் காத்திருந்த சொல் இப்போது வரும் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

“அது பிரான்சு ஊசி” என்றாள்.

அப்புறம் யாரையும் நான் கேட்கவில்லை. நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனேன். மறிக்க அவளுக்குக் கை வரவில்லை. இலையில் வஞ்சிரத்தை வைத்தேன், பாட்டிலை எடுத்து மச்சான் மடியருகில் நகர்த்தினேன். பிறகு நிமிர்ந்து, அண்ணன் படத்தைப் பார்த்து, அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“அண்ணா, அங்க விடிஞ்சிடுச்சி. மச்சான் போட்டுக்கிட்டாராம். நீ போய் போட்டுக்க.”