அந்நியர் கணக்கிலிருந்து ஒரு சோதனை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். குடை வாங்கப் போனால் கடையிலேயே நாலு தடவை விரித்து மடக்கிப் பார்ப்பவள். குக்கர் விசிலைக்கூட நோட்டில் எழுதிவைப்பாள் என்று மாமியாரே கேலி செய்வாராம்.

ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளை, அதாவது ஒப்பந்த விதிகளைத் தானே நிறைவேற்றும் கணினி நிரல்களை, சோதிப்பது அவள் வேலை. நாங்கள் எழுதுகிற கான்ட்ராக்டைப் பிளாக்செயின் என்ற பொதுக் கணினிப் பேரேட்டில் ஏற்றிவிட்டால் அப்புறம் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அப்போது கையில் இருந்தது ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வேலை. எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்ற பட்டியலை எங்கள் கான்ட்ராக்ட்தான் காக்க வேண்டும். மொத்தம் அறுபது குடும்பங்கள்.

எந்தக் கருவியில் சோதிப்பது என்று பேச்சு வந்தது. மேலாளர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். நாலு நொடியில் இருநூறு சோதனை, திரை முழுக்கப் பச்சை டிக். அவள் கேட்ட கருவியோ நாற்பது நிமிடம் முக்கி முனகும். கண்ட கண்ட அந்நியர் கணக்கிலிருந்தெல்லாம் கான்ட்ராக்டுக்குள் நுழையப் பார்க்கும்.

"சார், உங்க டூல் எல்லாச் சோதனையையும் முதல் கணக்குலேருந்தே ஓட்டுது. கான்ட்ராக்டுக்கு ஓனரே அந்தக் கணக்குதான். வீட்டுக்காரரே சாவி போட்டுத் திறந்து பாத்துட்டு, பூட்டு நல்லாருக்குன்னு சொன்னா எப்படி?"

"நாளைக்குச் சங்கச் செயலாளர் வர்றாரும்மா. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடு. இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

சுற்றி ஐந்து பேர் இருந்தோம். அவள் சொல்வது சரி என்று ஐந்து பேருக்கும் தெரியும். ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டோம். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு!

அவள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் மேலாளர் பச்சைத் திரையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது எழுந்தாள்.

"ஐயா, உங்க போனக் கொஞ்சம் தர்றீங்களா?"

செயலாளரின் போனில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினாள். அதிலிருந்து எங்கள் சோதனைப் பிரதிக்கு ஒரு கட்டளை அனுப்பினாள். கான்ட்ராக்ட் யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை. திரையில் அறுபது வீடும் செயலாளர் பெயருக்கு மாறியிருந்தன.

"என் பேர்லயா? எல்லா வீடுமா? ஐயோ, நாளைக்கு எல்லாரும் என்னையில்ல திருடன்னு சொல்லுவாங்க!" செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மேலாளர் கொஞ்சமும் கூசாமல் அவள் பக்கம் திரும்பினார். "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

அவருக்குப் பதினோரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். எல்லாவற்றிலும் எங்கள் ஐந்து பேருக்கும் நகல் உண்டு.

"சொன்னேன் சார்."

செயலாளர் எங்களைப் பார்த்தார். "சொல்லுச்சாப்பா, இந்தப் பொண்ணு?"

மேலாளரும் எங்களைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், என்னைத்தான் அதிக நேரம். நான் மேசையைப் பார்த்தேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

இப்போது அவள் கேட்ட கருவியில்தான் சோதிக்கிறோம். எங்கள் மேலாளர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்று வருகிறவர்களிடம் சொல்கிறோம். நானும்தான் சொல்கிறேன்.