முனிக்கு யாரும் தட்டவில்லை

ஒருவனை வென்றுவிட்டால் அவன்மேல் உள்ள பொறாமை தீர்ந்துவிடுமா? ரூபேந்திரனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழும்.

"ரிஜெக்ட் லா இது." எங்களோடு விளையாடும் செபஸ்தியனின் பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ரூபேந்திரன் சொல்வார். செனாய் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகர். சாப்பாட்டுக் கடையில் கரண்டியைக்கூட அப்படித்தான் பார்ப்பார்.

எங்கள் ஊர் கூலாயில், மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில், ஞாயிறு பிற்பகல்களில் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். விண்வெளிப் படைகள் மேசைமேல் மோதும் விளையாட்டு. கட்டைவிரல் உயரப் பொம்மைகள், பகடைகள், அளவு நாடா. சென்ற ஆண்டு அதற்கு ஓர் இணைப்புப் புத்தகம் வந்தது. படை வேண்டாம், வட்டமான களம், ஆளுக்கு ஒரே வீரன், கூட்டத்துக்குப் பிடித்தவனுக்குக் கூடுதலாக ஒரு பகடை. இங்கே கூட்டம் என்றால் சுற்றி நிற்பவர்கள்தான். பிடித்த வீரனுக்காக மேசையைத் தட்டுவார்கள். விழுந்தவனை விடுவதா, முடிப்பதா என்று வென்றவர் சொல்ல வேண்டும். முடிக்கப்பட்டவன் பிஸ்கட் டின்னுக்குள் போவான். பிறகு வெளியே எடுப்பதில்லை.

ரூபேந்திரனின் வீரன் முனி. நான்கு மாதம் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பல்லுக்கும்கூடத் தனித்தனியாக வண்ணம் தீட்டியிருந்தார். நல்ல வேலை, மறுப்பதற்கில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் செபஸ்தியனின் வீரனுக்கு அவருடைய சின்ன மகள் அமண்டா ரோஸ் வண்ணம் பூசி, செல்லம் என்று பெயரும் வைத்திருந்தாள். ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருந்தது. மேசை அதிர்ந்ததெல்லாம் செல்லத்துக்குத்தான்.

"கண்ணு எங்க இருக்கு பாரு மச்சான்! இதுக்குப் போய் தட்டுறாங்க," என்பார் ரூபேந்திரன்.

"முனியப் பாத்தா தட்டத் தோணலடா, கும்பிடத்தான் தோணுது," என்பார் செபஸ்தியன்.

மூன்று முறை செல்லத்திடம் முனி விழுந்தது. மூன்று முறையும் செபஸ்தியன், "விட்டுர்றேன் லா. பாவம், கஷ்டப்பட்டு பெயிண்ட் அடிச்சிருக்கான்," என்றார். தோல்வியைவிட அந்தப் பாவம்தான் ரூபேந்திரனுக்கு உறுத்தியது. "ஒரு நாள் அந்தச் செல்லத்த டின்னுல போடுறேன், பாரு," என்று என்னிடமே பலமுறை சொன்னார்.

அந்த நாள் போன மாதம் வந்தது.

"ஆறுண்ணே! செல்லம் விழுந்துருச்சு," என்றாள் பகடை பார்த்துச் சொல்லும் லோஷினி.

முனி வென்றும் ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. "அலமாக், ஐயோ பாவம் லா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். செபஸ்தியன் சிரிக்கவில்லை. "அமண்டாகிட்ட என்னன்னு சொல்வேன்?" என்று முணுமுணுத்தார்.

"விடுறீங்களா, முடிக்கிறீங்களாண்ணே?" லோஷினி டின்னைத் திறந்து நீட்டினாள்.

ரூபேந்திரன் செல்லத்தை எடுத்து ஜன்னலோரம் போனார். வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். வழக்கமான அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம். திரும்பி வந்து அதைக் களத்தின் நடுவில் நிற்கவைத்தார். பிறகு முனியை எடுத்து, காலடித் தூசியைச் சட்டை நுனியால் துடைத்து, டின்னுக்குள் படுக்கவைத்தார்.

"ஏண்ணே?" என்றாள் லோஷினி.

அவர் மூடியை வைத்து, நான்கு பக்கமும் அழுத்தி மூடினார்.